டிஷ்யூ டப்பா

விளையாட்டுச் சாமான் அறையின் ஒரு மூலைதான் இந்தப் பள்ளிக்கூடம் மனநல ஆலோசகருக்குத் தள்ளிவிட்டிருக்கும் இடம். காற்றுப் போன பந்துகளின் ரப்பர் நாற்றத்தோடு காயாத காலுறைகளின் வீச்சமும் சேர்ந்து குமட்டுகிறது. ஜன்னல் கம்பிகளின் நிழல் எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவியின் மடியில் விழுகிறது. இத்தனை நாள் வாயே திறக்காதவள் இப்போதுதான், "வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு மேடம். ராத்திரியில..." என்று ஆரம்பிக்கிறாள். கதவைத் தட்டாமல் தலைமையாசிரியர் நுழைகிறார். ஒரு கையில் செல்போன், மறு கையில் தன் மேசையிலிருந்து எடுத்து வந்த டிஷ்யூ டப்பா. "கல்வி ஆபீஸுக்கு கவுன்சலிங் போட்டோ அனுப்பணும்" என்று டப்பாவை மாணவியின் முன்னால் வைக்கிறார். "சார், அவ பேசிட்டு இருக்கா" என்கிறார் ஆலோசகர். "அதைத்தானே எடுக்க வந்தேன். கொஞ்சம் சிரிம்மா." மாணவி சிரிக்கிறாள். கண்ணில் நீர் நிற்க, சொன்னவுடன் வந்துவிடுகிற, நன்றாகப் பழகிய சிரிப்பு. மனிதர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தலையாட்டுகிறார். டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுகிறார். மாணவி மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொள்கிறாள். "சொல்லும்மா, ராத்திரியில என்ன?" "ஒண்ணுமில்ல மேடம்." அந்தச் சிரிப்பு இன்னும் அவள் முகத்திலிருந்து இறங்கவில்லை.