மயில் தோகையில் ஜிகினா

"போதும்மா. இனிமே அதுல ஒரு ஊசி ஏத்தாத. நிறுத்து."

மதிவதனி சொன்னதைச் சரோஜா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சட்டத்திலிருந்து கழற்றிய தையல் மயிலை மடியில் விரித்துக்கொண்டு, தோகையில் இன்னும் ஒரு ஜிகினாவை வைத்துத் தைத்தாள். படப்பையிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் பாதி வழி வந்துவிட்டார்கள்.

"என்னைப் பாக்க வராங்களா, மயிலைப் பாக்க வராங்களா?"

"ரெண்டையுந்தான். நீயும் மூஞ்சைக் கொஞ்சம் அதுமாதிரி அழகா வெச்சிக்கோ."

மதிவதனி ப்ளஸ் டூ லீவில் ஆரம்பித்த மயில் அது. கட்டம் கட்டமான முரட்டுத் துணியில் கம்பளி நூலால் கழுத்து வரைக்கும் போட்டாள். அதற்குள் காலேஜ் வந்துவிட்டது. அப்புறம் ஒரகடத்தில் செல்போன் கம்பெனி, ஷிஃப்ட், ஓ.டி. உடம்பில்லாத மயில் பீரோ மேல் பாய்க்கு அடியில் வருஷக்கணக்கில் கிடந்தது.

அதைத் தூசு தட்ட வைத்தது சரோஜாவின் வாய். கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகக் கூடாது என்றவனையும், சம்பளத்தை மாமியார் கையில் கொடுக்க வேண்டும் என்றவனையும் மதிவதனி வாசலோடு அனுப்பியிருந்தாள். இந்த வரன் அவளுடைய கம்பெனித் தோழி செந்தாமரை சொன்னது. பையன் பிரசன்னா, அதே ஒரகடத்தில் கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் லைன் லீடர். பையன் போட்டோவை மகள் ஒரு தரம் பார்த்துவிட்டு "வரச் சொல்லு" என்றதே சரோஜாவுக்கு அதிசயம். அந்தக் குஷியில், பையனின் அம்மா கிளியம்மாள் போனில் பெண்ணுக்குக் கைவேலை தெரியுமா என்று கேட்டதும், அவள் போட்ட மயில் எங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது, வந்து பாருங்கள் என்று அளந்துவிட்டாள்.

மதிவதனி குதித்தாள். பொய் சொல்ல நீ, தைக்க நானா என்று அன்றைக்கு முழுக்கச் சண்டை. பிறகு என்ன நினைத்தாளோ, மயிலைச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள். அடுத்த வாரமே உடம்பு, கால், தோகை எல்லாம் முளைத்து வீடு திரும்பியது மயில். டீ பிரேக்கில் போட்டேன் என்றாள். தையல் ஒவ்வொன்றும் ஒரே அளவு, இழுத்தாலும் அசையவில்லை.

பெற்றவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கழுத்துக்கு முத்து, கண்ணுக்குக் கண்ணாடி, தோகைக்கு ஜிகினா என்று ஏற்றிக்கொண்டே போனாள்.

வந்தவர்களில் கிளியம்மாள் சிரிக்கவே இல்லை. உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தாள். "கம்பெனிக்குப் போற பொண்ணுங்க அங்கியே ஒருத்தனைப் பாத்து வெச்சிக்கினு, வூட்ல ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்குதுங்க. எனக்கு அது ஆவாது. முன்னாடியே சொல்லிட்டேன்."

பிரசன்னா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

சரோஜாவுக்கு இது போதாதா? தன் மகள் எந்த ஆம்பளையையும் ஏறெடுத்துப் பார்த்தவளில்லை என்றாள். பஸ்ஸில் ஏறினால் ஊசியும் நூலும்தான் என்றாள். பி.எஸ்சி.க்குத் தங்க மெடல் என்றும் ஒன்றைச் சேர்த்தாள். டீத் தட்டோடு வந்த மதிவதனி பலமாக இருமிப் பார்த்தாள். பலனில்லை.

"இந்த மயிலு முழுக்க அவ கைதாங்க. வேற ஒரு ஆளு கை அதுல பட்டதில்ல."

கிளியம்மாள் எழுந்துபோய், மறுபடி சட்டத்தில் ஏற்றிச் சுவரில் மாட்டியிருந்த மயிலைப் பார்த்தாள். முகம் மெல்ல இளகியது. நல்ல நாள் பார்த்துத் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றாள். நீயும்தான் தையல் தெரிஞ்சவனாச்சே, வந்து பாருடா என்று மகனைக் கூப்பிட்டாள்.

பிரசன்னா கிட்டே வந்து பார்த்தான். தோகையை விரலால் தடவினான். லைனில் பழுதான சீட்டைக் கண்ட மாதிரி அவன் முகம் சுருங்கியது.

"இன்னா மதி இது? நான் முடிச்சிக் குடுத்தப்போ இந்த ஜிகினால்லாம் இல்லியே?"

மதிவதனி டீத் தட்டைக் கீழே வைத்தாள். "அப்பவே நிறுத்துன்னு சொன்னேன்ல, எம்மா."