புஜபலம்

அன்னப்பூரணியின் மேல்கையைச் சுற்றி அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்த தங்கராசா உதட்டைப் பிதுக்கினான். போன சித்திரையில் எவ்வளவு இருந்ததோ, இப்போதும் அவ்வளவுதான்.

"ஒரு நூல்கூட ஏறல்ல புள்ள," என்றான். "என்ட கையைப் பாரு. சட்டை போடேலாமக் கிடக்கு."

"நான் என்ன பயில்வான் வேலையா செய்யிறன், கை ஏற?" என்று சிரித்தாள் அவன் மனைவி.

"செய்தாலும் ஏறாது. பொம்பிளைட உடம்பு வேற. தேகப்பயிற்சிப் புத்தகத்திலயே போட்டிருக்கு."

கொழும்பிலிருந்து பயில்வான்கள் தூக்கும் இரும்புக் குண்டுகள் ரயிலேறி அவர்கள் ஊரான கிரானுக்கு வந்த நாள் முதல் தங்கராசாவுக்கு வேறு நினைப்பில்லை. அவற்றை வாங்குவதற்காக உழவு எருமைகளை விற்றுவிட்டான். சீதனமாகக் கிடைத்த வட்டை வயற்காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, காலையும் மாலையும் முற்றத்தில் பாய் விரித்து மல்லாந்து படுப்பான்.

அன்னப்பூரணி ஒவ்வொரு குண்டாக எடுத்து அவன் கையில் கொடுப்பாள். அவன் நெஞ்சுக்கு மேலே ஏற்றி இறக்கிக் களைத்ததும் வாங்கிக் கீழே வைப்பாள். அவன் பாயிலேயே கண்ணயர்ந்துவிடுவான். அவள் மா இடிக்கப் போவாள்.

மாமனார் கந்தப்போடி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மாடு வித்து இரும்பு வாங்கின மனிசன் இந்த ஊரில நீ ஒருத்தன்தான் தம்பி. இந்தப் போகத்துக்குள்ள ஒரு வழி காட்டு. இல்லாட்டி அதெல்லாத்தையும் உருக்கிக் கலப்பைக்குக் கொழு அடிப்பிச்சுப் போடுவன்."

வழி தானாகவே வந்தது. இந்தியாவிலிருந்து வந்த சர்க்கஸ் கொம்பனி ஒன்று மட்டக்களப்பில் வாவிக்கரைத் திடலில் கூடாரம் அடித்திருந்தது. அவர்களுடைய பயில்வான் காய்ச்சல் கண்டு ஊருக்குத் திரும்பிவிட்டானாம். பலசாலி தேவை என்று சந்தியெல்லாம் நோட்டீசு ஒட்டினார்கள்.

கந்தப்போடி வண்டியைக் கொடுத்தார். கூட ஆள் கொடுக்கவில்லை. இரும்புகளை ஏற்றிக்கொண்டு விடியும்போதே புருசனும் மனைவியும் புறப்பட்டார்கள்.

ஏறாவூர் தாண்டிய பிறகு, "கப்பலேறிப் போனா எப்ப வருவீங்க?" என்று கேட்டாள் அன்னப்பூரணி.

"வருசத்துக்கு ஒருக்கா வாறன்."

"நானும் வரட்டா?"

"சிங்கம் புலி நிக்கிற இடம். அங்க பொம்பிளையள் வந்து என்ன செய்யிற?"

அவள் வாவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திடலில் வண்டியை அவிழ்த்ததும் தங்கராசா சட்டையைக் கழற்றினான். உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, கொண்டுவந்த பச்சை முட்டைகளை உடைத்துக் குடித்தான். "தூக்கிறதுக்கு முன்ன மூச்சை வீணாக்கப்படாது. நீ எல்லாத்தையும் இறக்கிப் போடு புள்ள," என்று சொல்லிவிட்டு, வாகை மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டான். இரும்புகள் கூடாரத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுந்தான்.

சர்க்கஸ் முதலாளி தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். வெற்றிலையை மென்றபடி கூடார வாசலில் ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

சின்னக் குண்டுகளைத் தங்கராசா விளையாட்டாகத் தூக்கிக் காட்டினான். கடைசியில் இரண்டு பக்கமும் குண்டு பூட்டிய பெரிய தண்டைப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது, கால் நடுங்கியது. தலைக்கு மேலே ஏற்றி ஒரு மூச்சு நேரம் நிறுத்திவிட்டுத் தொப்பென்று போட்டான். கூடாரத்து ஆட்கள் கைதட்டினார்கள்.

முதலாளி கைதட்டவில்லை. யோசனையோடு வண்டி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஊர் ஊராப் பயில்வானுங்களைப் பாத்தவன் நான். ஆனா இப்படி ஒரு அதிசயத்தை எங்கயும் பாத்ததில்ல," என்றார்.

தங்கராசாவின் நெஞ்சு இன்னும் ஒரு அங்குலம் விரிந்தது.

"நாளைக்கே சேந்துடணும். அடுத்த ஆட்டம் திருகோணமலை, அப்புறம் கப்பல். பழைய ஆளுக்குக் கொடுத்ததைப்போல ரெண்டு மடங்கு சம்பளம்."

"இப்பவே எண்டாலும் ஓம்," என்றான் தங்கராசா.

"உடுப்பு கொம்பனியே தைச்சுக் குடுக்கும். பேரு மட்டும் நாங்க வேற வைப்போம்."

"என்ன பேரெண்டாலும் வையுங்க."

தங்கராசா மனைவியின் பக்கம் திரும்பினான். அவள் கூடாரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நின்றாள். அவன் அவள் தோளைத் தட்டினான்.

"அழாத புள்ள. வண்டியை மெதுவா ஓட்டிக்கொண்டு போ. மாமாக்கிட்டச் சொல்லு, கொழு அடிக்க வேற இரும்பு பாக்கச் சொல்லி."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

"நீங்களும் துணைக்கு வாங்க மாஸ்டர்; நான் கேட்டது இதையெல்லாம் தூக்கிட்டு வந்த அம்மாவை."