லூர்தம்மாளுக்குச் சொந்தம்

கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள்: நான், காவலாளி சவரிமுத்து, சிலுவையில் பெயர் மட்டும் மிஞ்சிய, புல் மண்டிய கல்லறைக்குள் லூர்தம்மாள்.

இரவு வேலை முடிந்தபின் நிம்மதியாக உட்கார எனக்கு இந்த இடம்தான். இங்கும் விடமாட்டேன் என்கிறார்கள்.

"சும்மா உக்கார இது பார்க்கா? யாருக்குச் சொந்தம் நீ?"

"இந்தம்மாவுக்கு," என்றேன் எரிச்சலில்.

"பதினாலு வருசமா ஒருத்தனும் எட்டிப் பாக்கல. நாளைக்குத் தோண்டி வேற ஆளப் பொதைக்கப் போறோம். இப்பதான் வர்றியா, வெக்கங்கெட்டவனே?"

"சொந்தம் வந்தாச்சுன்னா தோண்ட மாட்டோம், அடி" என்று திட்டிக்கொண்டே சுண்ணாம்பு வாளியை நீட்டினார். என் வீட்டுச் சுவருக்கே நான் அடித்ததில்லை. முனகியபடி புல்லைப் பிடுங்கினேன்.

வழக்கமாகச் சவரிமுத்து சாப்பிடப் போகும்போது, வந்தவர்களை விரட்டிவிட்டுத்தான் கேட்டைப் பூட்டுவார்.

"நீ இருந்து ரெண்டாவது பூச்சும் அடி" என்றவர், என்னை உள்ளேயே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போனார்.