பத்தினிப் பாம்பு

“கையை எடுடா! மூச்சு விடாதே, முட்டை மேல படுது!”

அக்பெகோ போட்ட சத்தத்தில் வேலைக்காரன் மெசான் கையையும் எடுத்தான், மூச்சையும் நிறுத்தினான். ஆப்பிரிக்க நகரமான லோமேயைத் தாண்டி இருந்த அந்த மலைப்பாம்புப் பண்ணையில் மூச்சு விடவும் முதலாளியின் அனுமதி வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு முட்டை கிழிந்திருந்தது. கிழிசல் வழியே ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. தேங்காய்ப் பத்தை போல வெள்ளை. நடுநடுவே மஞ்சள் திட்டுகள். கண் இரண்டும் சிவப்பு.

“வந்துட்டான்டா என் ராஜா!”

அக்பெகோ மண்டியிட்டுவிட்டார். தேவாலயத்தில்கூட அவர் மண்டியிட்டு யாரும் பார்த்ததில்லை. முட்டி வலி என்பார்.

வாசலில் செனா நின்றுகொண்டிருந்தான். அக்பெகோவின் மனைவி அகோசிவாவுக்குத் தம்பி. கையில் ஒரு பாட்டில் சோடாபி சாராயம். அழைக்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போக முடியுமா?

“அத்தான், நாளைக்கு அக்கா குழந்தையை முதல் தடவையா வாசலுக்குக் கொண்டுவந்து பேர் வைக்கிற சடங்கு. நீங்க வந்து பேர் சொல்லணும்.”

“இருடா. முதல்ல ஒரு படம் அனுப்பிக்கிறேன்.”

அக்பெகோ பாம்புக்குட்டியைப் படம் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே இந்தப் பாம்புகளை ஆசையாக வாங்கி வளர்க்கிறவர்கள், அவற்றின் நிறங்களுக்கு வாழைப்பழம், கோமாளி என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். புது நிறத்தில் ஒன்று பொரிந்தால் போதும், முதல் பேரனுக்குக் காத்திருக்கிற மாமியார்களைப் போலப் பரபரத்துப்போவார்கள்.

“அத்தான், கூரையிலேர்ந்து சொட்டுற தண்ணியில பிள்ளையைக் காட்டும்போது தகப்பன் பேர் சொல்லணும். நீங்க வரலைன்னா, அப்பன் இல்லாத பிள்ளைன்னு ஊரே சொல்லும். அக்கா சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியாது.”

“ஊரு சரியாத்தானே சொல்லும்? அது என் பிள்ளை இல்ல.”

“சத்தியமா அத்தான், அக்கா உங்களைத் தவிர வேற எவனையும்...”

“என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்டா! நானா கதை கட்டுறேன்? நீயும்தானே பார்த்தே? பார்க்கலைன்னு சொல்லேன், பார்ப்போம்.”

செனா குனிந்து பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெசானால் சும்மா இருக்க முடியவில்லை. நிலைமை மோசமாகும்போது ஏதாவது பேசி அதை இன்னும் மோசமாக்குவது அவன் வழக்கம்.

“முதலாளி, எனக்கு ஒரு சந்தேகம். இதோட ஆத்தா பாம்பு கறுப்பு. அப்பன் பாம்பும் கறுப்பு. இது மட்டும் எப்படி வெள்ளையா வந்துச்சு? ஒருவேளை வேற ஏதாச்சும் ஆண் பாம்பு, நாம பார்க்காத நேரத்துல கூண்டுக்குள்ள...”

“வாயைக் கழுவுடா, நாயே!”

அக்பெகோவின் குரலில் நிஜமான வலி இருந்தது.

“அவளைப் பத்தி இன்னொரு வார்த்தை தப்பாப் பேசினே, வாயில பல்லு இருக்காது. என் கையாலதான்டா அந்தக் கூண்டைப் பூட்டினேன். வேற ஆணோட வாடைகூட அவ மேல பட்டதில்ல. பத்தினிடா அவ, பத்தினி!”

“இல்ல முதலாளி, நிறம்...”

“நிறம் எங்கேயிருந்தோ வர்றதில்லடா. ரத்தத்துல ஒளிஞ்சிருக்கும். அப்பன்கிட்ட பாதி, ஆத்தாகிட்ட பாதி. வெளியே பார்த்தா ரெண்டும் கறுப்பாத்தான் தெரியும். அந்த ரெண்டு பாதியும் ஒண்ணா சேர்ந்துச்சுன்னா இப்படி ஒண்ணு பிறக்கும். இதுகூடத் தெரியாம பொட்டையைச் சந்தேகப்படுறவன்லாம் மாடு மேய்க்கப் போகலாம்.”

செனா மெதுவாக நிமிர்ந்தான்.

“அப்போ, அப்பன்கிட்டயும் அது இருந்தாத்தான் இப்படிப் பிறக்குமா அத்தான்?”

“இல்லாம? பாதிப் பெருமை அவனுக்குத்தானே!”

“இதையே ஒரு தடவை வந்து அக்காகிட்ட சொல்லுங்களேன்.”

“அவளுக்கு எதுக்குடா பாம்பு வியாபாரம்?”

செனா மேலே பேச வாயெடுப்பதற்குள் போன் அடித்தது. அமெரிக்காக்காரன்தான்.

“பேரா?” அக்பெகோ போனில் சிரித்தார். “பேர் இல்லாமலா? எக்லு! எங்க அப்பா பேர். ஆமா, வீட்டுக்கு முதல் வாரிசு மாதிரி இவன்!”

பேசிக்கொண்டே செனாவின் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினார். மூடியைத் திருகி, முன்னோர்களுக்கு நாலு சொட்டு தரையில் ஊற்றினார். மீதியில் மெசானுக்கும் ஒரு மடக்கு கிடைத்தது.

செனா வீடு திரும்பியபோது அகோசிவா அறைக்குள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வர்றேன்னு சொன்னாராடா?”

“இல்லக்கா.”

“பாட்டிலையாச்சும் வாங்கிக்கிட்டாரா?”

“வாங்கிக்கிட்டாரு. பேரும் வெச்சாரு. எக்லு.”

அவள் முகம் மலர்ந்தது. “மாமனார் பேரு! அப்போ மனசு மாறிட்டாருன்னு சொல்லு!”

“பிள்ளைக்கு இல்லக்கா. இன்னிக்குப் பொரிஞ்ச பாம்புக்குட்டிக்கு.”

அகோசிவா பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்.

“அப்படி என்ன அதிசயமாப் பிறந்துச்சாம் அது?”

செனா அவள் மடியைப் பார்த்தான். அவளுடைய கறுத்த கைகளுக்கு நடுவே, மரவள்ளி மாவு மாதிரி வெளுத்த முகமும் வைக்கோல் நிற முடியுமாக, அக்பெகோவின் மகன் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண் கூசி அழத் தொடங்கினான்.