நுவரெலியா ஸ்டேட்டஸ்

மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் லீவில் போயிருந்த யமுனா, இலங்கையில், நுவரெலியாவின் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே மஞ்சள் குடை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கொட்டுகிற மழை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நகர்ந்துவிடாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பெலிண்டா பார்த்தாள்.

இங்கே திருச்சியில் ஆடிக் காற்று பள்ளி மைதானத்து மண்ணை வாரி ஸ்டாஃப் ரூமுக்குள் கொட்டியது. பெலிண்டாவுக்கு வயிறு எரிந்தது.

இருவரும் கணக்கு டீச்சர்கள். யமுனா ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், பெலிண்டா பாலக்கரையிலிருந்து பஸ்ஸில். பத்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே ஊறுகாய் பாட்டில்.

போன வருடம் யாரோ, யமுனா வீட்டில் டியூஷன் எடுக்கிறாள் என்று தலைமையாசிரியை இருதயமேரி சிஸ்டரிடம் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு அவள் கையை விட்டுப் பெலிண்டாவிடம் வந்தது. சிஸ்டர் யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார், சொன்னவர் பெயரை மட்டும் உயிர் போனாலும் வெளியே விடமாட்டார்.

இந்த வருடம் வகுப்பு யமுனாவுக்கே திரும்பப் போகலாம் என்று ஒரு பேச்சு அடிபட்டது. அதுவே பெலிண்டாவுக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இப்போது இந்த மஞ்சள் குடை வேறு.

"யாழினி மிஸ், யமுனா ஸ்டேட்டஸ் பார்த்தீங்களா?"

தமிழ் டீச்சர் யாழினி போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "ஒண்ணும் காணோமே மிஸ். போன மாசம் பையன் பொறந்தநாளுக்குப் போட்டாங்க. அதுக்கப்புறம் எதுவும் வரலியே."

இவளும் யமுனா கட்சி, தெரிந்தே மறைக்கிறாள் என்று பெலிண்டா முடிவு கட்டினாள்.

அடுத்த நாள் கண்டி ஏரிக்கரை. அதற்கடுத்து மலை ரயில், ஜன்னல் வழியே மழையில் நீட்டிய வளையல் கை. சாயங்காலம் வந்த செல்ஃபிதான் தாங்க முடியாததாக இருந்தது. நனைந்த யமுனாவின் தலையை அவள் புருஷன் சித்தார்த்தன் துண்டால் துவட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, நாமளும் எங்கயாவது போயிட்டு வரலாமா?" என்றாள் பெலிண்டா, அடுப்படியிலிருந்து.

அவள் புருஷன் ஆசீர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இங்க பக்கத்துல முக்கொம்பு போலாமா? அணையில தண்ணி நிறைய வருதாம்."

பெலிண்டா திருப்பிய வேகத்தில் தோசை இரண்டாகக் கிழிந்தது. ஒரு குடையைக்கூட அவளுக்காகப் பிடித்தவனில்லை இந்த மனுஷன்.

வியாழக்கிழமை பிரேயர் முடிந்ததும் நேராக சிஸ்டர் அறைக்குப் போனாள்.

"சொல்லவே மனசு வரல சிஸ்டர். பிள்ளைங்க பாடம் கெட்டுப்போகுதேன்னுதான் வந்தேன்."

"சொல்லுங்க பெலிண்டா."

"யமுனா மிஸ் மாமனாருக்குக் கண் ஆபரேஷன்னு சொல்லிட்டு, இலங்கையில ஜாலியா சுத்திக்கிட்டு இருக்காங்க. நுவரெலியா, கண்டின்னு ஒரு இடம் பாக்கியில்ல."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "சரி, நான் பார்த்துக்கறேன். நீங்க கிளாஸுக்குப் போங்க."

அன்று மதியம் தயிர்சாதம்கூட பெலிண்டாவுக்கு விருந்தாக இருந்தது.

திங்கட்கிழமை யமுனா வந்து பையை வைப்பதற்குள் சிஸ்டர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. கால்மணி நேரம். பெலிண்டா ஒரே நோட்டை மூன்று தடவை திருத்தினாள்.

திரும்பி வந்த யமுனா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு தேயிலைப் பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என்ன மிஸ், முகமே சரியில்ல? சிஸ்டர் திட்டினாங்களா?" பெலிண்டா குரலில் அக்கறை வழிந்தது.

"நான் இலங்கை போனதை யாரோ வந்து சொன்னாங்களாம். நான்தான் லீவு லெட்டர்லயே இலங்கைன்னு எழுதிக் கொடுத்திருந்தேனே, அதனால திட்டல. பன்னெண்டாம் வகுப்பை நாளையிலேர்ந்து என்னையே எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."

பெலிண்டாவின் சிவப்புப் பேனா நோட்டின் நடுவில் நின்றது. லீவு லெட்டரில் இலங்கை என்றால், கண் ஆபரேஷன் யாருக்காகச் சொன்ன கதை?

"போட்டுக் கொடுத்தது யாராம்?" என்று மெல்லக் கேட்டாள்.

"சிஸ்டரைத்தான் தெரியுமே. பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

பெலிண்டாவுக்கு மூச்சு திரும்பி வந்தது. யமுனாவின் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னாள். "விடுங்க மிஸ். தினம் ஸ்டேட்டஸ் போட்டா ஊரே பார்க்கத்தான் செய்யும். அதுல எந்தப் புண்ணியவதி போய்ச் சொன்னாளோ, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

யமுனா தேயிலைப் பாக்கெட்டை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"ஊரு பார்க்கல மிஸ். உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் போட்டேன்."