நாற்பதும் நெடும்பயணம்தான்

இது சிரிக்கிற கதைதான், ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும், பொறுங்கள்.

நெடுந்தூரப் பந்தயத்தில் நாற்பது கிலோமீட்டர் ஓடி, முடிவில் நடக்கும் நாடித்துடிப்புச் சோதனையிலும் தேறி, லாயத்துக்குத் திரும்பியது செவலைக் குதிரை. அடுத்த அறை மூத்த குதிரை ராசாளி அண்ணனுடையது. நூற்றறுபது கிலோமீட்டர் ஓடுகிறவர். "உன்னோடது ஓட்டமா? உலாத்தல்!" என்று சொன்ன நாளிலிருந்து அவர் இதனோடு பேசுவதே இல்லை.

இன்று தடுப்புப் பலகைக்கு அப்பாலிருந்து அவர் குரல் வந்தது. "ஏம்மா செவலை, நாற்பதும் நெடும்பயணம்தான். நீயும் நம்ம ஆளு."

செவலைக்குக் கொள்ளு மறந்துபோனது. மலையேற்றம், தொண்டை வறண்டது, கடைசிவரை தனியாகவே வந்தது, எல்லாவற்றையும் கொட்டியது.

"ம்... அப்புறம்?" என்றது குரல்.

அப்போது வாசலில் லாரி வந்து நின்றது. பந்தயம் முடித்த ராசாளி அதிலிருந்து இறங்கினார். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டும் லாயத்து மைனா பலகைமேல் விழுந்து விழுந்து சிரித்தது.

செவலை அண்ணாந்து பார்த்தது. "நீதானா? சரி, அவர் உள்ளே வர்றதுக்குள்ள இன்னொரு தடவை சொல்லேன்."