புதன்கிழமை அழுகை

மூணாவது வாரமாக, புதன்கிழமை சாயங்காலம் புஷ்பமேரி அழுது வீங்கிய கண்ணோடு வீட்டுக்கு வந்தாள்.

“எங்க போயிட்டு வார?” என்றான் பிரிட்டோ.

“ஷூட்டிங். வேடசந்தூர்ப் பக்கம்.”

பிரிட்டோ நூல் மில்லில் பஸ் டிரைவர். அன்றைக்குப் பூராவும் வேடசந்தூரில்தான் கிடந்தான். அங்கே ஷூட்டிங் என்று ஒரு வேன்கூட வரவில்லை.

கட்டின பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறாள்.

புஷ்பமேரி நடிகை. சீரியலில் பக்கத்து வீட்டுக்காரி, ஜவுளிக்கடை விளம்பரத்தில் மாமியார், இப்படி எது கிடைத்தாலும் போவாள். ரெண்டே வரி வசனம் என்றாலும் நாலு நாள் சொல்லிப் பார்ப்பாள். “எதிராளு வசனத்த நீங்க வாசிங்க” என்று பிரிட்டோவைப் பிடித்து உட்கார வைப்பாள். வில்லன் வசனத்தை அவன் பஸ் டைம் சொல்கிற மாதிரி வாசிப்பான்.

இந்தப் புதன்கிழமை வேலைக்கு மட்டும் அவனைக் கூப்பிடவே இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக முணுமுணுத்தாள்.

மறுநாள் மில் வாசலில், கூட வேலை பார்க்கும் சுருளிவேல் அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

“அப்பு, சொன்னாத் தப்பா எடுத்துக்காத. நேத்து ஒன் சம்சாரத்தப் பேகம்பூர் தாண்டி, வத்தலக்குண்டு ரோட்டுல பாத்தேன். யாரோ ஒருத்தன்கூட நின்னு பேசிக்கிட்டு இருந்துச்சு. கண்ணத் தொடச்சுக்கிட்டே.”

அடுத்த செவ்வாய்க்கிழமை, அவள் அடுப்படியில் இருந்த நேரம், பிரிட்டோ செய்யக் கூடாததைச் செய்தான். அவள் போனை எடுத்துப் பார்த்தான்.

‘நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்துருங்க. போன வாரம் மாதிரியே. ரோஷன்.’

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, அவள் ஏறிய டவுன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் போனான். வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கினாள். முன்வாசலுக்குப் போகாமல் பின்பக்கக் கட்டடத்துக்கு நடந்தாள்.

ஜன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து புஷ்பமேரி தேம்பித் தேம்பி அழுதாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு இளவட்டம் அவள் தோளில் கை வைத்திருந்தான்.

பிரிட்டோ கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான்.

“கைய எடுறா!”

அப்புறந்தான் பார்த்தான். சுவரோரமாகப் பத்துப் பதினைந்து பேர், எல்லாம் வெள்ளைக் கோட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“என்னங்க...” என்று எழுந்தாள் புஷ்பமேரி. “எங்க வீட்டுக்காரரு, டாக்டர்.”

கை வைத்திருந்தவன் கோபப்படவில்லை. “நான்தான் ரோஷன், சார். இவங்கள்லாம் புதுசா வந்த டாக்டருங்க. நோயாளியோட சொந்தக்காரங்ககிட்டக் கெட்ட சேதிய எப்படிச் சொல்லணும்னு பழகுறாங்க. அக்கா எதிர்ல உக்காந்து நடிச்சுக் குடுக்குறாங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவ அழணும். முன்னாடி வந்த நடிகை ரெண்டாவது வாரமே தாங்கலன்னு நின்னுட்டாங்க.”

பிரிட்டோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

“இம்புட்டுத்தானா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கொண்டாந்து விட்டுருப்பேன்ல மேரி?”

புஷ்பமேரி தரையைப் பார்த்தாள்.

“இருந்து பாத்துட்டுப் போங்க சார்” என்று அவனுக்கு ஒரு இடம் காட்டினான் ரோஷன்.

அடுத்து இஃப்பத் என்ற சின்னப் பெண்ணின் முறை. போனும் கையுமாக எழுந்து வந்தவள் கேட்டாள்: “ஒவ்வொரு தடவையும் எப்படிக்கா அழுகை வருது?”

“அழணும்னு நெனச்சா வராது பாப்பா. நீ சொல்றதக் காது குடுத்துக் கேட்டா வரும். ஆறாவது தடவையும் மொதத் தடவ மாதிரிக் கேக்கணும். அம்புட்டுத்தான் என் வேல. நீ ஆரம்பி.”

இஃப்பத் போனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். நின்றபடியே சொன்னாள்.

“சாரிம்மா. உங்க பையனக் காப்பாத்த முடியல.”

பிரிட்டோவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

புஷ்பமேரி அழவில்லை.

“நின்னுக்கிட்டுச் சொல்லாத பாப்பா” என்றாள். “எங்களுக்குச் சொன்னவரு இப்படித்தான் நின்னுக்கிட்டு, போனப் பாத்துக்கிட்டே சொன்னாரு. புள்ள பேரக்கூடச் சொல்லல. ‘ஏழாம் நம்பர் பெட்’னாரு. இன்னொரு தாய்கிட்ட யாரும் அப்படிச் சொல்லிறக் கூடாது. அதுக்குத்தான் நான் வாரேன்.”

ரோஷனுக்கே இது புதுசு.

ரெண்டு வருசத்துக்கு முன்னால், வேற ஒரு ஆஸ்பத்திரியின் நடையில் நின்று பிரிட்டோவும்தான் அதைக் கேட்டான். கல்லறையில் இருந்து திரும்பிய அன்றைக்கே, “இனிமே இந்த வீட்டுல அவன் பேர யாரும் எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டான். இன்றுவரைக்கும் அவள் எடுக்கவில்லை.

இஃப்பத் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, புஷ்பமேரிக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“உங்க பையன் பேரு என்னம்மா?”

இந்தக் கேள்விக்கு வாரா வாரம் ஏதோ ஒரு பேரை இட்டுக்கட்டிச் சொல்வாள் புஷ்பமேரி. இன்றைக்கு ஒரு பேரும் வாயில் வரவில்லை. புருசனைப் பார்த்தாள்.

பிரிட்டோ எழுந்து வந்தான். அவள் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

“லியோ” என்றான். “ரெண்டாப்பு படிச்சான்.”